ஆறடிக் குளத்தில் குமிழி விடாத ஏர் பம்ப்: புகார் கடிதம்

அனுப்புநர்
சிறு மீன்குளம் வைத்திருக்கும் வாடிக்கையாளர்,
குறிஞ்சிப்பாடி, கடலூர் மாவட்டம்.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
ஏர் பம்ப் விற்பனை நிறுவனம்.

பொருள்: 8 அடி ஆழம் வரை போதும் என்று விற்ற ஏர் பம்ப் 6 அடியில் வேலை செய்யாதது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா,

வணக்கம். உங்கள் இணையக் கடையில் வாங்கிய, நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்று தரும் என்று போட்டிருந்த ஏர் பம்ப் பற்றி எழுதுகிறேன். "3 சென்ட் குளம், 8 அடி ஆழம் வரை" என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். என் குளமும் 3 சென்ட்தான். ஆழம் 6 அடி. கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். வாங்கும் முன்பே ஆழத்தைச் சொல்லி உங்கள் ஆட்களிடம் போனில் கேட்டேன். "தாராளமா போதும் சார்" என்றார்கள்.

பம்ப் வந்ததும் வாளித் தண்ணீரில் காற்றுக் கல்லை (குழாய் நுனியில் மாட்டும், காற்றைக் குமிழியாக விடும் நுண்துளைக் கல்) போட்டுப் பார்த்தேன். நன்றாகவே குமிழி விட்டது. குளத்தின் அடியில் இறக்கினால் ஒன்றுமே இல்லை. குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், எங்கும் கசிவில்லை. குழாயை மெல்ல மேலே இழுத்தபோது, கல் மூன்றடி ஆழத்துக்கு வந்த பிறகுதான் குமிழி கிளம்பியது. அப்புறம் பம்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தேன். அழுத்தம் 0.012 மெகா பாஸ்கல் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஆறடித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வரவே சுமார் 0.018 வேண்டும், கல்லின் தடை வேறு. நாலடியைத் தாண்டாத பம்பை எட்டடிக்கு என்று எப்படி விற்றீர்கள்? 60 லிட்டர் என்பது தண்ணீருக்குள் விடாமல் வெறுமனே ஓடும்போது வரும் அளவு. அதைப் பெரிதாகப் போட்டுவிட்டு அழுத்தத்தை விளம்பரத்தில் சொல்லாமல் விட்டது நியாயமில்லை.

அன்றே உங்கள் சேவை எண்ணில் சொன்னேன். "கல்லை மேலே தூக்கிக் கட்டிக்குங்க சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றல்ல ஐயா. மிச்சத் தீனியும் மீன் கழிவும் அழுகி ஆக்சிஜனைத் தின்பது குளத்தின் அடியில். அங்கிருந்து எழும் குமிழிதான் அந்தத் தண்ணீரை மேலே தூக்கி வந்து காற்றுப் பட வைக்கும். இரண்டடியில் தொங்கும் கல் மேல்தண்ணீரை மட்டும்தான் கலக்கும்.

மாற்றுப் பம்ப் கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்கு மழையைவிட மூட்டம்தான் பயம். தண்ணீரில் உள்ள பாசி வெயில் இருந்தால்தான் ஆக்சிஜன் கொடுக்கும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து எடுத்துக்கொள்ளும். மூட்டத்தில் பகல் வரவு குறைந்துபோகும், இரவுச் செலவு குறையாது. அதனால் விடியற்காலையில்தான் ஆபத்து. லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டிய ஆக்சிஜன், அப்படியொரு மூட்ட நாள் விடியலில் ஆக்சிஜன் சோதனைக் கிட்டில் பார்த்தபோது 2 கூட இல்லை. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கிட்டே போனாலும் உள்ளே ஓடவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், குளத்துத் தண்ணீரையே மோட்டாரால் இறைத்து உயரத்திலிருந்து கொட்டவிட்டோம். ரோகுவும் மிர்காலும் பெரும்பாலும் தப்பின. பெரிய கட்லாக்கள் போய்விட்டன. கையில் எடுத்தால் வாய் திறந்து, செவுள் விரிந்து கிடந்தன. ஆக்சிஜன் பற்றாமல் செத்த மீன் அப்படித்தான் இருக்கும். விற்க இருந்த மீன்கள் அவை.

பம்பின் முழு விலையையும் திருப்பித் தாருங்கள். பம்பை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். செத்த மீனுக்கான இழப்பீடு பற்றியும் எழுத்தில் பதில் வேண்டும். விளம்பரத்தில் "8 அடி" என்பதை நீக்கி, எத்தனை அடியில் எத்தனை லிட்டர் காற்று வரும் என்று போடுங்கள். இதே பம்பை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தெரிவியுங்கள். கோடையில் தண்ணீர் சூடாகும்போது அதில் ஆக்சிஜன் தங்குவது இன்னும் குறையும். இந்தப் பம்பை நம்பியிருக்கும் குளங்கள் அப்போது தாங்காது.

பில், ஸ்டிக்கர் படம், குமிழி வராத வீடியோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்