பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

எப்போது போன் செய்தாலும் நீ தூங்குவதாகச் சொல்கிறார் மாப்பிள்ளை. சரி, மாசமாக இருந்தால் தூக்கம் வரும்தான். ஆனால் காய்ச்சல் விட்டதிலிருந்து அது வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பாதிக்குமோ என்று பயந்து, ராத்திரியெல்லாம் போனில் சினை எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளைப் படிக்கிறாயாம். சொன்னார் என்று அவர்மேல் பாயாதே.

எலி என்றால் என்னிடம் கேட்டிருக்கலாமே? வேப்பேரியில் ஆராய்ச்சிக்கு எலி வளர்த்த சம்பளத்தில்தானே நீ படித்தாய்.

நீ படித்தது பொய்யில்லை. சினை எலிக்கு பாலி ஐ:சி என்று ஓர் ஊசி போடுவார்கள். அதில் கிருமியே கிடையாது, வைரஸ் புகுந்துவிட்டதாக உடம்பை ஏமாற்றும், அவ்வளவுதான். தாய்க்கு இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் எகிறும், குட்டியின் மூளையில் காவல் காக்கும் மைக்ரோகிளியா செல்கள் உசுப்பேறலாம். 2007-இல் பேட்டர்சன் என்ற ஆய்வாளரின் குழு அந்த இன்டர்லூகினைத் தடுத்தபோது குட்டிகளின் நடத்தை கெடவில்லை.

இவ்வளவு படித்தவள் அடுத்ததையும் படித்தாயா? அதே ஊசிதான், அதே இனம்தான். ஒரு கம்பெனியில் வாங்கிய எலிகளின் குட்டிகளுக்குக் கோளாறு வந்தது, இன்னொரு கம்பெனி எலிகளுக்கு வரவில்லை. தாயின் குடலில் ஒருவகை பாக்டீரியா இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். எலிக்கே இப்படி என்றால் உனக்கு எதை வைத்து முடிவு கட்டினாய்?

டென்மார்க்கில் 1980 முதல் 2005 வரை பிறந்த பிள்ளைகளின் பதிவேட்டை அலசினார்கள். கர்ப்பத்தில் ஏதோ ஒரு தொற்று வந்ததற்கும் ஆட்டிசத்துக்கும் மொத்தத்தில் தொடர்பு தெரியவில்லை. முதல் மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரியில் சேருமளவு வைரஸ் நோய் கண்டவர்களிடம் வாய்ப்பு கூடியது. உனக்கு வந்தது ஐந்தாம் மாதம், அதுவும் வீட்டிலேயே சரியானது.

சித்தப்பாவை நினைக்கிறாய், தெரியும். அவனைச் சுமந்தபோது வந்த காய்ச்சலையே பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கை நீ தலையில் ஏற்றாதே. நம் வீட்டில் உன் அளவு புத்திசாலி யாருமில்லை, அதுதான் இப்படிப் படித்துக் கெடுகிறாய்.

இனி காய்ச்சல் வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதே. டாக்டரிடம் போ, அவர் சொல்கிறபடி பாரசிட்டமால் போடு. ஃப்ளூ தடுப்பூசி போட்டாயா? போன தடவை கேட்டதற்கே பதிலில்லை. கொசுவலை அனுப்பியிருக்கிறேன், கட்டு. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போ, சொல்லிவிட்டேன் இல்லையா?

அத்தை வீட்டு விஷயம் அப்புறம். ஊசி போட்டாயா இல்லையா என்று மட்டுமாவது இன்றைக்கே சொல். அம்மாவிடம் எலிக் கதை எதையும் பேசாதே.

அப்பா