சனிக்கிழமை பாட்லக்: மிச்ச டர்க்கியை தூக்கிப் போட்றாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். தேங்க்ஸ்கிவிங் வியாழன் முடிஞ்சதும் வீட்டுக்கு வீடு டர்க்கியும் (வான்கோழி) அதோட செய்யற ஸ்டஃபிங்கும் (பிரெட் கலவை) மிஞ்சும், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டு வர்ற நம்ம சனிக்கிழமை பாட்லக்குக்கு ஸ்டார்ட்டரா அதையே ஒரு வாய் அளவுக்கு குட்டிக் குட்டியா பண்ணி கொண்டு வந்துருங்க, பசங்க கையில எடுத்து அப்படியே போட்டுப்பாங்க.

2 கப் டர்க்கியை பொடியா நறுக்கி, 3 கப் ஸ்டஃபிங், ஒரு முட்டை சேத்து பிசையுங்க. ஸ்டஃபிங் பிரெட்டுங்கறதால ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுக்கும்போது வறண்டு உதிரும், கொஞ்சம் ஸ்டாக் (கறி வேகவச்ச தண்ணி) தெளிச்சு பிசைஞ்சு பாருங்க, பிடி கொழுக்கட்டை மாதிரி கையில பிடிச்சா நிக்கணும், அதான் பதம். மினி மஃபின் ட்ரேயில வெண்ணெய் தடவி குழி நிறைய அமுக்கி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்ல 20 நிமிஷம், ஓரமெல்லாம் மொறுமொறுன்னு செவக்கணும். மேல அரை ஸ்பூன் கிரான்பெரி சாஸ் கண்டிப்பா வைங்க, அந்த புளிப்பு இல்லன்னா டர்க்கி சப்புன்னு இருக்கும். நான் போன வருஷம் ஒரு பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டேன், ஸ்டஃபிங்ல இருக்கற சேஜ் இலை வாசனையோட அருமையா சேர்ந்துச்சு.

முக்கியமா ஒண்ணு, வியாழக்கிழமை ஓவன்ல இருந்து எடுத்த 2 மணி நேரத்துக்குள்ள மிச்சத்தை எலும்புல இருந்து பிச்சு சின்ன டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருங்க. திரும்ப சூடு பண்றப்போ நடுவுல 165 டிகிரி ஃபாரன்ஹீட் வரணும்.

முட்டை, கோதுமை அலர்ஜி உள்ள பசங்க இருக்காங்க, டப்பா மேல எழுதி ஒட்டுங்க. யார் யார் கொண்டு வர்றீங்கன்னு புதன் ராத்திரிக்குள்ள இங்கயே சொல்லிருங்க.