முன்னால் 40, பின்னாலும் 40: தவறான பின் டயர் பொருத்தியது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயர், கைபேசி எண் பில் நகலில் உள்ளன),
திருவொற்றியூர், சென்னை – 600 019.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டயர் நிறுவனத் தலைமை அலுவலகம்.

நாள்: 07.07.2025

பொருள்: எஸ்டிமேட்டில் எழுதிய சைஸை விட்டு வேறு சைஸ் பின் டயர் பொருத்தியது – மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கடந்த ஜூன் 14, சனிக்கிழமை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள உங்கள் ஷோரூமில் என் காருக்கு நான்கு டயர் மாற்றினேன். முன் டயர் இரண்டும் சரியான சைஸ். பின் டயர் இரண்டும் தவறு. இதைச் சொன்னதற்குக் கடையில் ஒரு பதில் சொன்னார்கள், உங்கள் பிரிவிலிருந்து மின்னஞ்சலில் இன்னொரு பதில் வந்தது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

வண்டி 2011 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4. இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். சின்ன வயதில் அப்பா என்னைச் சோழவரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போய், அங்கே பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயத்தைக் காட்டினார். அதன் வினை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழைப்புக்கு இந்தக் கார் இல்லை, பிழைப்பு டிரெய்லர். துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஓட்டும் நான்கு டிரெய்லர்கள் வைத்திருக்கிறேன். இருபது வருடமாக டயர் வாங்குகிறேன், தேய்ந்த டயருக்கு மேல்ரப்பர் ஒட்டி ரீட்ரேட் செய்கிறேன், வெடித்த டயருக்காக ராத்திரி இரண்டு மணிக்கு மணலி பக்கம் போய் நின்றிருக்கிறேன். ‘உங்களுக்கு டயர் பற்றித் தெரியாது’ என்ற தோரணையில் உங்கள் ஆள் பேசியதால்தான் இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வண்டியில் 18 அங்குல வீல்கள் இருக்கின்றன. அதற்குக் கம்பெனி கொடுத்திருக்கும் அளவு முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18. கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் எஸ்டிமேட் வாங்கினேன். உங்கள் ஷோரூம் பையன் கையால் எழுதிய அந்தச் சீட்டில் ‘225/40 – 2, 255/35 – 2’ என்று தெளிவாக இருக்கிறது. நகல் இணைத்துள்ளேன். டயரைக் கழற்றும்போது பக்கத்தில்தான் நின்றேன். முன் டயர் இரண்டையும் தேதி முதல் பார்த்து வாங்கினேன். அந்த நேரம் பார்த்து துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் டிரெய்லர் மாட்டிக்கொண்டது என்று டிரைவரிடமிருந்து போன். வெளியே போய் இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தேன். பின் டயர் ஏறிவிட்டிருந்தது. குனிந்து பார்க்காதது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். பில்லில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டில் எண்ணூர் பக்கம் போனேன். வாரத்தில் அந்தச் சாலையில் கார் ஓட்ட முடிகிற ஒரே நேரம் அதுதான். எர்ணாவூர் தாண்டுவதற்குள் மஞ்சள் முக்கோண விளக்கு எரிந்தது. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் சிஸ்டத்தில் கோளாறு என்று அர்த்தம். சாலை காய்ந்து கிடக்கிறது, நேராகத்தான் போகிறேன், வேகமும் அறுபதுக்கு மேல் இல்லை. அப்புறம் ஒரு பள்ளத்தில் பின்பக்கம் இறங்கி ஏறியபோது ‘சர்ர்’ என்று ஒரு உரசல். ஓரங்கட்டிப் பார்த்தால், பின் வீலுக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் உறை தேய்ந்து, கறுப்பாகத் தேங்காய்த் துருவல் மாதிரி டயர் மேல் கிடந்தது. அப்போதுதான் சைடில் இருந்த எழுத்தைப் படித்தேன். 255/40.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். எஸ்டிமேட் எழுதிய அதே தம்பி சொன்ன விளக்கம் இது: “அண்ணே, 35 ஸ்டாக் இல்ல. முன்னாடி 40 போட்டிருக்கோம், பின்னாடியும் 40 போட்டா மேட்ச் ஆயிடும். அஞ்சு பாயின்ட்தானே. நம்ம ரோட்டுக்கு வண்டி கொஞ்சம் ஹைட்டா இருந்தா நல்லதுதான்.”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் நிறுவனச் சட்டையைப் போட்டுக்கொண்டு டயர் விற்கும் ஒருவருக்கு, அந்த 40 எதைக் குறிக்கிறது என்று யாருமே சொல்லிக்கொடுக்கவில்லையே, அதில்தான் கோபம். அது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். முதலில் வரும் 225, 255 டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் சைடு சுவரின் உயரம் என்று பொருள். 225இல் 40 சதவீதம் 90 மில்லிமீட்டர். 255இல் 35 சதவீதம் 89.25 மில்லிமீட்டர். எண் வேறாக இருந்தாலும் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 18 அங்குல ரிம்மையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முன் டயரின் மொத்த உயரம் 637 மில்லிமீட்டர், பின் டயர் 636. பின் டயரை அகலமாக்கும்போது உயரம் கூடிவிடக்கூடாது என்பதற்காகத்தான் 40ஐ 35 ஆக்கியிருக்கிறார்கள். நீங்கள் ‘மேட்ச்’ செய்து போட்ட 255/40இல் சைடு சுவர் மட்டும் 102 மில்லிமீட்டர், மொத்த உயரம் 661. முன் டயரைவிட 24 மில்லிமீட்டர் அதிகம். எண்ணை ஒன்றாக்கப் போய் டயரை வேறாக்கிவிட்டீர்கள்.

டிரெய்லரில் ஜோடி டயர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஜோடியில் ஒன்று புதுசு, ஒன்று மேல்ரப்பர் பாதி தேய்ந்தது என்று போட்டால், உயரமான டயர் லோடையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு சூடேறி முதலில் போகும். சில மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கே என் கிளீனர் பையன் டேப்பை எடுத்துக்கொண்டு வருவான். உங்கள் ஏசி ஷோரூமில் 24 மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படவில்லை.

மஞ்சள் விளக்குக்கு அவர்கள் செய்த வைத்தியம், பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றி மாட்டியது. விளக்கு அணைந்தது. சுங்கச்சாவடி பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மறுபடி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? நான்கு சக்கரத்திலும் சென்சர் இருக்கிறது. நேராகப் போகும்போது நான்கும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். பின்னால் உள்ளது பெரிய டயர் என்பதால் மெதுவாகச் சுற்றுகிறது. பின் சக்கரம் பிடித்துக்கொள்கிறதோ, வழுக்குகிறதோ என்று வண்டி குழம்பிப்போகிறது. மழையில் பிரேக் அடிக்கும்போது எனக்குத் துணையாக இருக்க வேண்டிய சிஸ்டம் இது. ஐப்பசி மழையில் இந்த விளக்கோடு ஓட்டச் சொல்கிறீர்களா?

ஜூன் 18 அன்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 23ஆம் தேதி பதில் வந்தது. ‘அளவு வேறுபாடு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது.’ எவ்வளவு வேறுபாடு, எவ்வளவு வரம்பு என்று ஒரு எண்கூட இல்லை. உரிய அளவான 636க்குப் பதில் 661 என்றால் 4 சதவீதம் அதிகம். பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுக்கிற டயர் எந்த வரம்புக்குள் வரும் என்று தெரியவில்லை.

காகிதக் கணக்கை நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று டிரெய்லர் நிறுத்தும் என் செட்டில் வைத்து அளந்தும் பார்த்தோம். காற்றைச் சரிபார்த்துவிட்டு, முன் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து டிரைவர் தள்ள, டயர் ஒரு முழுச் சுற்று வந்ததும் கிளீனர் அடுத்த கோட்டைப் போட்டான். 1 மீட்டர் 94 சென்டிமீட்டர். அப்படியே பின் டயருக்கு, 2 மீட்டர் 1 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 7 சென்டிமீட்டர். கிலோமீட்டருக்குச் சுமார் 18 சுற்று பின் சக்கரம் குறைவாகச் சுற்றுகிறது. இரண்டு முறை அளந்தோம், படமும் எடுத்திருக்கிறோம்.

சரி, நாலிலும் 225/40ஐயே போட்டுவிடலாம் என்று கடையில் ஒரு யோசனை சொன்னார்கள். உயரம் சரியாக வரும், விளக்கும் எரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது இன்ஜின் பின் சக்கரங்களைச் சுழற்றி ஓடுகிற வண்டி. முன்னைவிடப் பின்னால் அகலமான டயர் கொடுத்திருப்பது அழகுக்கு மட்டும் இல்லை. வளைவில் பிடி விடும் நிலை வந்தால் முன்பக்கம் முதலில் நழுவ வேண்டும். பின்பக்கம் வீசிச் சுழலக்கூடாது. பின் ரிம்மும் முன்னதைவிட அரை அங்குலம் அகலம். அந்தச் சமநிலையைக் கடையில் இருக்கும் சரக்கை வைத்து மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. முன் டயரில் தயாரிப்பு எண் 0525, அதாவது 2025இன் 5ஆவது வாரம். பின் டயரில் 2221. 2021இன் 22ஆவது வாரம். நான்கு வருடம் கோடவுனில் கிடந்த சரக்கு, கேட்க ஆள் இல்லாத சைஸ், போன் பேச வெளியே போன ஒருவன் தலையில் கட்டப்பட்டது. வேறு மாதிரி யோசிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒன்றுக்கு ரூ. 21,800 வீதம் புது விலைதான் போட்டிருக்கிறார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டி வரும்போதே பஞ்சரானாலும் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயரோடுதான் வந்தது, ஸ்டெப்னி கிடையாது. நம் சாலைக்கு அது ரொம்ப விறைப்பாக இருக்கிறது என்று நான்தான் சாதாரண டயர் கேட்டேன். பஞ்சர் கிட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் எந்தப் புகாரும் இல்லை.

நான் கேட்பது இதுதான். முன்னால் உள்ள அதே மாடலில் 255/35 ஆர்18 டயர் இரண்டு, இந்த வருடத் தயாரிப்பாக, கூடுதல் கட்டணம் இல்லாமல் மாற்றித் தர வேண்டும். அந்த சைஸ் உங்களிடம் வராது என்றால் பின் டயருக்கான ரூ. 43,600ஐத் திருப்பித் தாருங்கள், நான் வெளியே வாங்கிக்கொள்கிறேன். தேய்ந்த பிளாஸ்டிக் உறையின் விலையும், மறுபடி பேலன்சிங், அலைன்மென்ட் செய்யும் செலவும் உங்களுடையது. ‘அடுத்த முறை வாங்கும்போது தள்ளுபடி கூப்பன்’ என்று கடையில் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளில் பதில் வரவில்லை என்றால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் செய்வேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

பழைய பின் டயர்களைக் கடையிலேயே போட்டுவிட்டதால் மாற்றிப் போட்டு ஓட்டவும் வழியில்லை. மூன்று வாரமாக வண்டி என் செட்டில், இரண்டு டிரெய்லருக்கு நடுவில் கவர் போட்டு நிற்கிறது. நேரில் பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை ஏழு மணிக்கு முன்னால் அனுப்புங்கள். அதற்குமேல் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் வரிசை கட்டிவிடும்; உங்கள் ஆள் வந்து சேர மத்தியானம் ஆகும். வருகிறவர் ஒரு டேப் கொண்டுவந்தால் போதும், சாக்பீஸ் இங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருவொற்றியூர்.

இணைப்பு: எஸ்டிமேட் சீட்டு, பில், மின்னஞ்சல் பதில் ஆகியவற்றின் நகல்கள், டயர் எண்கள், தேய்ந்த உறை, அளவெடுத்த படங்கள்.