முதல் நாளே கணவரையும் அனுப்புங்கள், டாக்டர்

குழந்தையின்மைக்கு வைத்தியம் பார்க்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு லேப் டெக்னீஷியன். நீங்கள் எழுதும் சீட்டுகள் எங்கள் கவுண்டருக்குத்தான் வருகின்றன, அதனால் எந்த டெஸ்ட் எப்போது வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். முதலில் மனைவிக்கு தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச்., அப்புறம் முட்டை வளர்ச்சி ஸ்கேன், மாதக்கணக்கில் மாத்திரை, அதற்கும் கரு தங்கவில்லை என்றால் கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் டியூப் டெஸ்ட், சிலருக்கு வயிற்றில் சிறு துளை போட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி வரைக்கும் போய்விடுகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் கணவர் வருவார், நாலாக மடித்த சீட்டை நீட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். அவருடைய விந்து சாம்பிளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சில சமயம் ஒரு உயிரணுகூட இருக்காது.

விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, டியூப் டெஸ்ட்டை விட செலவும் குறைவு. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது என்பது எனக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும். ஆனால் "அவர் வர மாட்டேங்கிறார் டாக்டர்" என்று அந்தப் பெண் சொன்னதும் நீங்களும் விட்டுவிடுகிறீர்கள். பக்கத்தில் மாமியார் வேறு உட்கார்ந்திருப்பார், சங்கடம்தான். ஆனாலும் கணவர் ரிப்போர்ட் வராமல் அடுத்த மருந்து எழுத மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் அந்த வீட்டில் எடுபடும், மருமகள் சொன்னால் எடுபடாது.

அனுப்பும்போது இரண்டு வார்த்தை சொல்லியும் அனுப்புங்கள். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும், சாதாரண ஆணுறையில் எடுத்து வரக்கூடாது, வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், முதலில் வரும் பகுதி சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிரணு அதிகம் இருப்பதே அதில்தான். (தாழ்ப்பாள் சரியில்லாத கழிப்பறையைக் காட்டி சாம்பிள் கொடு என்கிற எங்கள் ஆட்களைத் தனியாகத் திட்ட வேண்டும்.)

அப்புறம், ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் குழந்தை) பேச்சை எடுக்காதீர்கள். உயிரணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது, நடுவில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலும் உயிரணு கவுண்ட் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன மில்லிலிட்டருக்கு 1.6 கோடி உயிரணு என்பதும் பாஸ் மார்க் இல்லை, அதற்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு. மறுபடி எடுத்தும் குறைவாக இருந்தால் ஆண்களுக்கான மருத்துவரிடம் அனுப்புங்கள். விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கும் வெரிகோசீலையும், பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாததையும் பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஜீரோ கவுண்ட் என்றால் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று பிரித்துப் பார்க்க எஃப்.எஸ்.ஹெச்., டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் டெஸ்ட்டுகள், குரோமோசோம் டெஸ்ட் எல்லாம் இருக்கிறது.

ஜிம்முக்குப் போகிறாரா, ஊசி ஏதாவது போடுகிறாரா என்றும் கேளுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உடம்பு உயிரணு உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், ஊசியை நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வரும். கொடுமை என்னவென்றால், கவுண்ட் குறைவு என்பதற்காகவே அந்த ஊசியை எழுதிய சீட்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, முதல் நாளே இரண்டு சீட்டு எழுதுங்கள், ஒன்று அவர் பெயரில். காலையில் சீக்கிரம் வரச் சொல்லுங்கள், அப்போது எங்களிடம் கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
மைக்ரோஸ்கோப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவன்