பூட்டிக் கிடக்கும் நூலகமும் ஐம்பதாயிரம் ரூபாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய சிறு நூலகங்களில் ஒன்று எங்கள் ஊரிலும் இருக்கிறது. 2018 கஜா புயலில் ஜன்னல்கள் போன பிறகு அது பூட்டியே கிடக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பேருந்து ஏறித் திருத்துறைப்பூண்டிக்குப் போகிறார்கள். அதிலும் பெண் பிள்ளைகள் இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும்.

இதைச் சரிசெய்ய நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்தோம். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்கலாம் என்றார்கள். மதிப்பீடு ஒன்றரை லட்சம். மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, அதாவது ஐம்பதாயிரம். மூன்று மாதம் வீடு வீடாகப் போயும் 18,400 ரூபாய்தான் சேர்ந்தது. வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் நிறைந்த ஊருக்கு ஐம்பதாயிரம் பெரிய தொகை இல்லை. நடவுக் கூலியை நம்பியிருக்கும் எங்கள் தெருவுக்குப் பெரியது. ஆனால் எங்களில் இருவர் கொத்தனார்கள், ஒருவர் எலக்ட்ரீஷியன். சித்தாள் வேலைக்கு மீதிப் பேர் தயார்.

இளைஞர்களே எடுத்துச் செய்யும் வேலைகளுக்கு ஊராட்சி அளவில் ஐம்பதாயிரம் வரை சிறு நிதி ஒதுக்க வேண்டும். எங்கள் உழைப்பையே பங்காக ஏற்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பதைக் கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்யட்டும். அப்புறம் செலவுக் கணக்கை நூலகச் சுவரிலேயே எழுதி வைக்கிறோம். அக்டோபர் 2 கூட்டத்தில் இந்தக் கோரிக்கையோடு நாங்கள் பதினான்கு பேரும் உட்கார்ந்திருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.