ஸ்பெயின் மாப்பிள்ளையிடம் கேட்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினில் குடியேறி வேலை பார்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை எங்கள் பள்ளத்தூரில் நாலைந்து வீடுகளில் கத்தரித்து வைத்திருக்கிறார்கள். பையனுக்கு வேலை, விசா, சம்பளம், வெயில், கடற்கரை எல்லாம் அதில் இருந்தன. அவனைக் கட்டிக்கொண்டு போகிற பெண் அங்கே என்ன செய்வாள் என்பதற்குத்தான் ஒரு வரி இல்லை. என் மகள் பார்சிலோனாவில் இருப்பதால் அதை நான் எழுதுகிறேன்.

மகள் பிசியோதெரபி படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் வேலை. பக்கவாதம் வந்து படுத்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதில் கைராசிக்காரி என்று பெயர். மாப்பிள்ளை மென்பொருள் துறை. நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு நடந்தபோதே, "இவள் படிப்பு அங்கே செல்லுமா?" என்று கேட்டேன். "ஐரோப்பாவில் பிசியோவுக்கு அடிச்சுக்கிட்டு ஆள் எடுக்கிறாங்க ஆச்சி" என்றார் நடுவில் நின்றவர். ஆள் தேவைதான், அது பொய்யில்லை. அவர் சொல்லாமல் விட்டது வேறு.

வேலை செய்ய அனுமதி என்பது ஒன்று; படித்த வேலையைச் செய்ய அனுமதி என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் கிடைத்துவிடும். மாப்பிள்ளை உயர்தகுதிப் பணியாளர் அனுமதியில் போனாலும் சரி, உங்கள் கட்டுரை புகழ்ந்த 'டிஜிட்டல் நோமாட்' விசாவில் (வெளிநாட்டு நிறுவன வேலையை அங்கிருந்தபடியே கணினியில் பார்ப்பவர்களுக்கானது) போனாலும் சரி, கூடப் போகும் மனைவியும் வேலை பார்க்கலாம். (அந்த நோமாட் விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மனைவியையும் சேர்த்தால் அதன் மேல் அந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தில் இன்னும் 75 விழுக்காடு காட்ட வேண்டும். புது மாப்பிள்ளைகளுக்கு அதுவல்லவா முக்கியம்!) பையன் மாணவர் விசாவில் போகிறான் என்றால் கதை வேறு. கூடப் போகும் மனைவி அங்கே இருக்கலாம், வேலை பார்க்க முடியாது. "மாஸ்டர்ஸ் படிக்கிறான், முடிந்ததும் அங்கேயே வேலை" என்று வரும் வரன்களில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இரண்டாவதுதான் மலை. மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், கட்டடக் கலைஞர், பள்ளி ஆசிரியை போன்ற வேலைகளுக்கு நம் ஊர்ப் பட்டத்தை ஸ்பெயின் அரசு அங்கீகரித்தாக வேண்டும். ஓமோலோகாசியோன் என்கிறார்கள். விண்ணப்பம் மாட்ரிட்டில் உள்ள பல்கலைக்கழக அமைச்சகத்துக்குப் போகும். ஆறு மாதத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் அங்கே ஏராளம். வரும் பதிலும் 'சரி' அல்லது 'இல்லை' என்றே இருக்கும் என்பதில்லை. இன்னின்ன பாடத்தில் தேர்வு எழுது, இத்தனை நாள் பயிற்சி எடு என்று நிபந்தனையோடும் வரலாம். அது முடிந்த பிறகு அந்தப் பகுதியின் தொழில்முறைச் சங்கத்தில் பதிந்தால்தான் நோயாளி மேல் கை வைக்கலாம்.

கணினி படித்தவர்களுக்கும் வணிகம் படித்தவர்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. நாம் பெண்பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதோ பல் மருத்துவம், பிசியோதெரபி, பி.எட். என்றுதான். "எங்கே போனாலும் கைத்தொழில் கூட வரும்" என்பது நம் கணக்கு. ஸ்பெயினில் இந்தக் கணக்கு தலைகீழ்.

அந்த விண்ணப்பத்துக்கு மகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் போதவில்லை. எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், பயிற்சி எத்தனை மணி நேரம் என்று பல்கலைக்கழகம் தனியாக எழுதித் தர வேண்டும். அதற்காக நானும் அவள் அப்பாவும் சென்னைக்கும் பள்ளத்தூருக்கும் அலைந்தோம். "பாடத்திட்டம் மாறிவிட்டது, பழையது இப்போது கையில் இல்லை" என்று ஒரு மேசையில் சொன்னார்கள். அடுத்த மேசையில் அதே பாடத்திட்டம் பீரோ மேல் கட்டி வைத்திருந்தது. அப்புறம் மாநில அரசின் சான்றொப்பம், சான்றிதழ் வெளிநாட்டில் செல்ல வெளியுறவு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் முத்திரை, ஸ்பானிஷ் மொழியில் அரசு ஏற்கும் மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு, இதற்கெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் காசு. திருமணச் சான்றிதழுக்கும் இதே வழிதான். நம் நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற கல்யாணப் பத்திரம் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் நமக்குத் திருப்தி. தூதரகத்துக்குச் சார்பதிவாளர் தரும் சான்றிதழ்தான் வேண்டும். கல்யாண அசதியில் அதைத் தள்ளிப் போடுகிறவர்கள் நம்மில் நிறைய.

மகள் இப்போது ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் பகுதி நேரமாக ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். ஸ்பானிஷ் 'பி2' தேர்வு எழுதித் தேறிவிட்டாள். பார்சிலோனாவில் அதுவும் பாதிதான். அங்கே கத்தலானும் ஆட்சிமொழி, பள்ளிக்கூடங்கள் கத்தலானில் நடக்கின்றன, வயசானவர்கள் வலியைக் கத்தலானில்தான் சொல்வார்களாம். தொடக்க நிலை வகுப்பு இலவசம் என்பதால் அதற்கும் போகிறாள்.

பேத்தி பிறந்தபோது நான் போயிருந்தேன். 180 நாளில் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா) இருக்க முடியாது என்பதால், பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் தேதியை எண்ணி டிக்கெட் போட வேண்டும். வீடு எய்சாம்ப்லே பகுதியில் பழைய கட்டடம். கூடத்தில் பூப்போட்ட சிமெண்டுக் கல் தளம். அசல் ஆத்தங்குடிக் கல்லேதான் என்று குனிந்து தடவிப் பார்த்தேன். நம்முடையது கண்ணாடி மேல் வார்ப்பது, அவர்களுடையது இயந்திரத்தில் அழுத்தியது; சிமெண்டும் நிறப்பொடியும் இரண்டுக்கும் பொது. கறிவேப்பிலை ராவல் பகுதிக் கடைகளில் கிடைக்கிறது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல்தான் என்ற வழக்கம் மட்டும் எனக்குக் கடைசி வரை ஒத்துவரவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். பிரசவம் அரசு மருத்துவமனையில், செலவு ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்குத் தாய்க்குச் சமமாக 16 வாரம் விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. முதல் ஆறு வாரம் கட்டாயம்; எடுக்க மாட்டேன் என்று சொல்லவே முடியாது. 2021-லிருந்து அப்படி, 2025-இல் இன்னும் கூட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்குத் துணி மாற்றுவது, குளிப்பாட்டுவது எல்லாம் அவர்தான். நான் அடுப்படியோடு சரி. நம் ஊரில் ஒரு ஆம்பளை இதற்கு ஒரு வாரம் விடுப்புக் கேட்டால் அலுவலகமே கூடிச் சிரிக்கும்.

ஆனால் அந்த மருத்துவமனை அட்டை கிடைக்க முதலில் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், எம்பத்ரோனாமியென்தோ என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். முதலில் இருந்த வீட்டின் சொந்தக்காரர், "என் வீட்டு முகவரியில் பதியக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்படித் தடுக்க அவருக்கு உரிமை கிடையாது. புதிதாகப் போனவர்களுக்கு அது எப்படித் தெரியும்? முன்பணம் சட்டப்படி ஒரு மாத வாடகை, கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதம் வரை கேட்கலாம். இதையும் போவதற்கு முன்பே தெரிந்துவைத்துக் கொள்வது நல்லது.

கடல் தாண்டிப் போவது செட்டிநாட்டுக்குப் புதுசா என்று கேட்பார்கள். எங்கள் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவில் மோல்மீன் கடையில் இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர் வருவார். படுக்கக் கிட்டங்கி, சமைக்க ஆள், சம்பளத்தில் முன்பணம் எல்லாம் முதலாளி ஏற்பாடு. அப்பத்தா இங்கே இந்த வீட்டில், வயசுக் காலம் முழுக்கக் கடிதத்தை எதிர்பார்த்தே கழித்தார். அந்தக் காலம்தான் உசத்தி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அப்பத்தாவின் சீதனப் பணம் அவர் பேரில் தனிக் கணக்காக நின்று வட்டி ஏறிக்கொண்டிருந்தது. இன்று போகிற பெண் பட்டத்தையும் சம்பளத்தையும் இங்கே விட்டுவிட்டுப் போகிறாள். அங்கே அவள் பேரில் என்ன இருக்கிறது?

வரன் அறிமுகக் கூட்டங்களில் கொடுக்கும் படிவத்தில் கோயில், பிரிவு, ஊர், நட்சத்திரம், வேலை பார்க்கும் நாடு, மாதச் சம்பளம் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு கட்டம் போடச் சொல்லிக் கூட்டம் நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: எந்த வகை அனுமதியில் இருக்கிறார், அந்த அனுமதியில் மனைவி வேலை பார்க்கலாமா. பெண் வீட்டார் தங்கள் பக்கமாகப் பெண்ணின் படிப்பு அங்கே அங்கீகாரம் தேவைப்படும் படிப்பா என்று விசாரித்துக்கொள்ளட்டும். தேவைப்படும் என்றால், நிச்சயம் ஆன கையோடு பல்கலைக்கழகத்துக்குப் பாடத்திட்டம் கேட்டு எழுதிப் போடுங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே. பெண் இங்கே இருந்தால் தானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுவாள். அங்கே போன பிறகென்றால், எங்களைப் போல அப்பா அம்மா அதிகாரக் கடிதத்தோடு நிற்க வேண்டும்.

தங்கள் ஞாயிறு மலரிலும் அடுத்த முறை வெளிநாட்டு வேலை பற்றி எழுதும்போது, எந்தப் படிப்புக்கு எந்த நாட்டில் அங்கீகாரம் தேவை என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.

(மகளின் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)