ரதல்ல குறுக்கு வீதிக்கு ஒரு கம்பம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வந்தால் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பஸ்களும் வேன்களும் மலையேறும். ஏறி வருவதில் பெரிய பிரச்சினை இல்லை, இறங்குவதில்தான் இருக்கிறது. நானுஓயாப் பக்கம் பாதை பிரிகிற இடத்தில் ஊர் தெரியாத சாரதிகள் போனைப் பார்த்துவிட்டு, தலவாக்கலைப் பக்கம் இறங்குகிற ரதல்ல குறுக்கு வீதியில் திருப்பிவிடுகிறார்கள். தூரம் குறைவு என்று போன் காட்டுகிறது. இறக்கத்தை அது காட்டுவதில்லை.

நான் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவன். லீக்ஸ், கரட், கோவா ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகக் கொழும்புக்கு இறங்குவதுதான் தொழில். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கப் பழக்கிய அண்ணன், சுமையோடு குறுக்கு வீதியில் இறங்க விடவே மாட்டார். "மெயின் ரோட்டிலேயே போடா தம்பி, கொஞ்சம் பிந்தினா மரக்கறி அழுகிப் போகாது" என்பார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. நானுஓயா ரயில் நிலையம் 1623 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீட்டர். இடையில் உள்ள இறக்கத்தை எப்படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஹட்டன் வழியாக வரும் ஏ-7 வீதி பெரும்பாலும் தோட்டங்கள் உருவான காலத்துத் தடத்தையே பிடித்துப் போகிறது. மாடு இழுக்கிற வண்டிக்குச் சரிவு கூடினால் ஆகாது. அதனால் மலையைச் சுற்றிச் சுற்றி, முடக்குக்கு மேல் முடக்காக வெட்டினார்கள். நேரம் போகிறது என்று இன்று நாம் திட்டுகிற அந்த முடக்குகள்தான் பிரேக்குக்கு ஓய்வு கொடுக்கின்றன. குறுக்கு வீதியில் அந்த ஓய்வு கிடையாது.

பாரமான வண்டியை இரண்டாம் கியரில் போட்டு, எஞ்சினைக் கொண்டே பிடித்து இறக்க வேண்டும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். டிரம் சூடேறி, லைனிங் கருகுகிற வாடை கெபினுக்குள் வரும். அந்த வாடை வந்தபின் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பலனில்லை.

2023 ஜனவரி 20ஆம் திகதி இரவு இதே வீதியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் உயிரிழந்ததை மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்புறம் கனரக வாகனங்கள் இங்கே போகக்கூடாது என்று அறிவித்தார்கள். சரி, நல்லது. ஆனால் காவலுக்கு ஆள் நிற்கும்வரைதான் தடை. ஆள் போனதும் லொறி இறங்குகிறது.

ஆகவே பொறுப்பானவர்களிடம் கேட்பது ஒன்றுதான். வீதியின் இரண்டு முனையிலும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் இரும்புக் கம்பம் போடுங்கள். காரும் ஆட்டோவும் வேனும் அடியால் போகட்டும், பஸ்ஸும் லொறியும் போக முடியாது. தோட்டத்துக் கொழுந்து லொறி என்ன செய்யும் என்று உடனே கேட்பார்கள். திறந்து மூடுகிற மாதிரிச் செய்து, சாவியைத் தோட்டத்துக் காவற்காரரிடம் கொடுத்தால் முடிந்தது.

அறிவிப்புப் பலகையை மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி, பாதை பிரிவதற்கு நல்ல தூரம் முன்னாலேயே நட வேண்டும். பிரிகிற இடத்திலேயே நட்டுப் பயனில்லை. பஸ்ஸைத் திருப்பிய பிறகு பின்னால் எடுக்க இடமும் இராது, பின்னால் நிற்கிற வண்டிகள் விடவும் மாட்டா. கம்பத்தில் இரவில் மினுங்கும் பட்டியையும் ஒட்டிவிடுங்கள். நானுஓயா மூடுபனியில் அது இல்லாவிட்டால் கம்பத்திலேயே வந்து மோதுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லொறிச் சாரதி,
லிந்துல.